திருப்போரூர்ப் படகும் என் மைத்துனனின் இரண்டு நாய்களும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று முப்பது வருஷத்துக்கு மேல் தயங்கினேன். இரண்டு தடவை உட்கார்ந்தும் பார்த்தேன். பிள்ளையார் சுழி போடுகிறவரை மனசு அமைதியாக இருக்கும். அடுத்த வரியில் என் மைத்துனன் முனுசாமியின் பெயரை எழுத வேண்டும். கோபம் தலைக்கேறும். ஒரு தடவை அழுத்தின அழுத்தலில் பேனா முள்ளே வளைந்துவிட்டது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தவன். திருமழிசையிலிருந்து கத்தரிக்காயும் கீரையும் மாட்டு வண்டியில் ஏற்றி, பூந்தமல்லி வழியாகப் பட்டணத்து மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போடுவது என் பிழைப்பு. சுவாமி காரியமாகப் போன இடத்தில் நடந்த கூத்தை எழுதினால் அந்த முருகன் என்ன நினைப்பானோ என்ற பயம் வேறு இருந்தது. முனுசாமி போன வருஷம் காலமாகிவிட்டான். கோபமும் அவனோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. சரி, முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக வேலு பிறந்தான். அவன் தங்கினால் மூன்று வயசு முடிவதற்குள் திருப்போரூர் முருகன் சந்நிதியில் முடி இறக்கிக் காது குத்துவதாக என் மனைவி பாக்கியம் வேண்டிக்கொண்டாள். வெள்ளைக்காரன் ஜெர்மனியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ரேஷன், பஞ்சம், அலைச்சல் என்று நாள் தள்ளிப்போய், ஆனி பிறந்தால் வேலுவுக்கு மூன்று முடிகிறது என்கிற கட்டத்துக்கு வந்துவிட்டோம். வைகாசியில் ஒரே ஒரு கிருத்திகை, அதுவும் வெள்ளிக்கிழமை. காலை பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் காரியம் முடிய வேண்டும் என்று ஐயர் நாள் குறித்துக் கொடுத்தார். அந்த மாசம் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் அம்மை. பாக்கியம் ராத்திரியெல்லாம் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

எங்கள் ஜனத்தில் முடி இறக்குவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான். அப்பன் மடி செல்லாது. ராஜா மடியாக இருந்தாலும் செல்லாது. பாக்கியத்துக்கு ஒரே ஒரு தம்பி. ஆகையால் உலகத்திலேயே ஒரே ஒரு மடிதான் எங்களுக்கு இருந்தது. அந்த மடிக்குச் சொந்தக்காரன் முனுசாமி.

அவன் அம்பத்தூரில் ஏரிக்கரையோரம் மாந்தோப்புக் காவலில் இருந்தான். கல்யாணம் காட்சி கிடையாது. பெண்டாட்டி, பிள்ளை, சுற்றம் எல்லாம் இரண்டு நாய்கள். ஒன்று கறுப்பி. குட்டைக் கால், நீளத் திருட்டு. இன்னொன்று வெள்ளை வேட்டை நாய். அதற்கு ‘துரை’ என்று பெயர் வைத்திருந்தான். வெள்ளைக்காரன் ஆட்சியில் நடுத்தெருவில் நின்றுகொண்டு “டேய் தொர, இங்க வாடா” என்று கூப்பிடுகிறாயே, ஜெயிலில் போடப்போகிறான் என்று நான் ஒரு தடவை கண்டித்தேன்.

“நீயே பாரு மாமா. வெள்ளையா கீது. ஒரு வேலையும் செய்யாது. எல்லாரும் சலாம் போடணும்னு குந்திகினு கீது. வேற இன்னா பேரு வெக்கறது?” என்றான்.

முறைப்படி வெற்றிலை பாக்குத் தட்டோடு அம்பத்தூர் போய் அவனை அழைத்தேன். வருவதாகச் சொன்னான். ஆனால் நாய்களை விட்டுவிட்டு வரமாட்டானாம். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வா என்றால், துரை அடுத்த வீட்டுச் சோற்றைத் தொடமாட்டான் என்றான். (பச்சைப் பொய். துரை வாய் வைக்காத அடுப்படி அம்பத்தூரில் இருந்ததில்லை.)

நான் கெஞ்சினேன், மிரட்டினேன். அவன் மடியைத் தட்டிக் காட்டினான். அவ்வளவுதான், என் வாய் மூடிக்கொண்டது.

திருப்போரூருக்கு எப்படிப் போவது? பெட்ரோல் கிடைக்காமல் அப்போது கரியைப் போட்டு ஓட்டின கரி பஸ்தான் உண்டு. அதில் மனுஷனுக்கே இடமில்லை, நாயைப் பார்த்ததும் கண்டக்டர் கதவைச் சாத்திவிட்டான். என் மாட்டு வண்டியில் போகலாமென்றால், கறுப்பி ஒரு தடவை குரைத்ததற்கே என் மாடுகள் இரண்டும் வண்டியோடு திருமழிசைக் குளத்தில் இறங்கிவிட்டன. அப்போதுதான் எனக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தெற்கேயிருந்து பட்டணத்துக்குக் கால்வாய் வழியாகச் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு படகுகள் வரும். கட்டையை இறக்கிவிட்டு வெறும் படகாகத் திரும்பும். மார்க்கெட்டில் பழக்கமான ஏழுமலை என்கிற படகுக்காரரிடம் பேசினேன். அடையாற்றிலிருந்து திருப்போரூர்த் துறைவரை எங்களை ஏற்றிப்போகச் சம்மதித்தார். ஒருநாள் பகல் முழுக்கப் பயணம், ராத்திரி வழியில் தங்கல், மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். நான் திருமழிசை முழுக்கச் சொல்லிவிட்டேன். ‘ஜமீன்தார்கள் போகிற மாதிரி குடும்பத்தோடு படகில் போகிறோம்’ என்று, கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். கோமுட்டிச் செட்டியார் கடையில் இரண்டு தடவை சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் அடையாற்றில் ஏறினோம். ஏழுமலை படகின் பின்னால் நீளக் கழியோடு நின்றார். அவருடைய ஆள் சின்னப்பன் கிழக்குக் கரையில் தோளில் கயிற்றைப் போட்டுப் படகை இழுத்துக்கொண்டு நடந்தான். வேண்டுதலுக்காக மஞ்சளில் நனைத்த புது வேட்டி கட்டிக்கொண்டு நான் முன்னால் உட்காரப் போனேன். அங்கே துரை உட்கார்ந்திருந்தது. தள்ளினேன். உறுமிற்று. நடுவில் உட்காரப் போனேன். அங்கே கறுப்பி. கடைசியில் ஜமீன்தார் சவுக்குப் பட்டையும் தூசியும் கிடந்த மூலையில், மடித்த கோணியின் மேல் உட்கார்ந்து பயணம் செய்தார்.

கால்வாயில் ஒரு கொக்கு தெரிந்தால் போதும், இரண்டும் ஒரே குரைப்பு. கரையில் ஆட்டு மந்தை தெரிந்தது, இரண்டும் தண்ணீரில் குதித்தன. நீந்திப் போய் ஆட்டை விரட்டி, ஆட்டுக்காரனிடம் எனக்கு வசவு வாங்கிக் கொடுத்துவிட்டு, நீந்தித் திரும்பி வந்து, அவ்வளவு பெரிய படகில் என் பக்கத்தில் வந்து நின்று உடம்பை உதறின. ஒரு தடவை அல்ல, ஐந்து தடவை. மஞ்சள் வேட்டி மதியத்துக்குள் என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் போயிற்று. வேலு கைதட்டிச் சிரித்தான். பாக்கியமும் சிரித்தாள். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்காகவே அன்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கேளம்பாக்கத்து உப்பளத்தோரம் படகைக் கட்டிவிட்டுத் தூங்கினோம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் படகு கிளம்பிற்று. எல்லாரும் பல் விளக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். சந்நிதித் தெருவில் பொங்கல் வைப்பதற்காகப் பாக்கியம் ஒரு பித்தளைத் தவலையில் பச்சரிசியும், வாழை மட்டையில் கட்டின வெல்லமும் தனியாக எடுத்து வைத்திருந்தாள். ரேஷன் காலத்தில் அந்த வெல்லத்தை அவள் சேர்த்த பாடு எனக்குத் தெரியும். தை மாசத்திலிருந்து வீட்டில் ஒருத்தர் வாயிலும் இனிப்புப் படவில்லை. வேலு கேட்டு அழுதபோதுகூட, அது சாமிக்கு என்று சொல்லி மேலே வைத்துவிட்டாள்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். தவலை கவிழ்ந்து கிடந்தது. அரிசியின் மேல் நான்கு பாதம் பதிந்திருந்தது. கறுப்பி கடைசித் துண்டு வெல்லத்தை நக்கிக்கொண்டிருந்தது. துரை ஏற்கெனவே முடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

முருகனுக்கு வைத்தது. எச்சில்.

நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது, பெண்கள் படிப்பார்கள். முனுசாமி ஒன்றுதான் சொன்னான்: “வாயில்லா ஜீவன் மாமா. சாமி கோச்சிக்காது. நீதான் கோச்சிக்கற.” அதைக் கேட்டதும் எனக்குக் கண் தெரியவில்லை. படகை மேற்குக் கரையோரம் ஒட்டச் சொன்னேன். “எறங்குடா. நீயும் எறங்கு, ஒன் நாயிங்களும் எறங்கட்டும். இனிமே என் மூஞ்சில முழிக்காத” என்றேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். நாய்கள் அவன் பின்னால் குதித்தன. படகு நகர்ந்தது.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. துரை உட்கார்ந்திருந்த இடத்தில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தேன். காற்று நன்றாக வந்தது. அரை மைல் தூரம் நான்தான் ஜமீன்தார்.

பாக்கியம் அதுவரை குனிந்து, சிந்தின அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: “இன்னாங்க, புள்ளைய யாரு மடில குந்த வெக்கப் போறீங்க? ஒங்க மடிலயா?”

நீட்டின கால் தானாக மடங்கிற்று. அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, கோபம் இருந்தால் எனக்கு நல்லதாயிருக்கும். அம்மை கண்ட தெருவில் ராத்திரி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற அதே முகம்.

ஏழுமலை கழியை நிறுத்தினார். திரும்பலாம், ஆனால் கரையை ஒட்ட முடியாது என்றார். கடல் தண்ணீர் வடிகிற நேரமாம், அவனை இறக்கினபோது இருந்த ஆழம் இப்போது இல்லையாம். ஓரத்தில் போனால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், சாயங்காலம் தண்ணீர் ஏறினால்தான் அசையுமாம். “அண்ணாத்தே, நீதான் எறங்கி நடக்கணும். அதிகமில்ல, முட்டி வரிக்கும்தான் சேறு” என்றார்.

படகைத் திருப்பி, முனுசாமியை இறக்கிவிட்ட இடத்துக்கு எதிரில் நிறுத்தினார். முட்டி யாருடையது என்று அவர் சொல்லவில்லை. யானையினுடையதாக இருக்க வேண்டும். இறங்கின நிமிஷமே இடுப்புவரை போய்விட்டேன். ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் போகும். பாதி வழியில் வேட்டியைச் சேறு பிடித்துக்கொண்டது. நான் இழுத்தேன், அதுவும் இழுத்தது, அது ஜெயித்தது. கோவணத்தோடும் இடுப்புக் கயிற்றோடும் கரையேறினேன்.

முனுசாமி தூரம் போகவில்லை. கரை மேல் ஒரு பனைமர நிழலில் உட்கார்ந்து நாய்களுக்கு உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் வருவேன் என்று அவனுக்குத் தெரியும். அவனிடம் மடி இருந்தது.

“இன்னா மாமா, குளிக்க வந்தியா?” என்றான்.

“வா மச்சான். நேரமாவுது.”

“யார வான்ற?”

“ஒன்னத்தான்டா.”

“எறக்கி உட்டது மூணு பேர. கூப்புடறது ஒருத்தன மட்டுமா?” என்றான். “எனக்கு மொறையா வெத்தல பாக்கு வெச்சு சொன்ன, வந்தேன். இதுங்களுக்கு எவனும் வெக்கல. அதனாலதானே தொரத்தின? இப்ப வெச்சிக் கூப்டு. மூணு பேரும் வர்றோம்.”

நான் சூரியனைப் பார்த்தேன். ஏழு மணிக்கு மேல் இருக்கும். துறை இன்னும் நாலு மைல். துறையிலிருந்து கோயிலுக்கு நடை. அவன் கழுத்தை அங்கேயே நெரித்திருப்பேன்; ஆனால் செத்தவன் மடியில் காது குத்தக் கூடாது.

மறுபடி சேற்றில் இறங்கினேன். படகுக்குப் போனேன். பாக்கியத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்தாள், வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மஞ்சள், ஒரு வாழைப்பழம் வைத்தாள். கொஞ்சம் யோசித்துக் குங்குமச் சிமிழையும் வைத்தாள். தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தடவையாகச் சேற்றைக் கடந்தேன். அதற்குள் உப்பளத்தில் வேலை செய்கிற பொம்பளைகள் பத்துப் பேர் பனைமரத்தடியில் கூடிவிட்டார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டாள். காது குத்து என்றேன்.

“நாய்க்கா?” என்றாள்.

துரைக்கு எதிரில் தட்டை நீட்டினேன். அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முனுசாமி உச்சுக்கொட்டினான். “இன்னா மாமா, பிச்ச கேக்கற மாரி நீட்டிகினு நிக்கற. மொறையா கூப்டு” என்றான்.

இங்கேதான் இத்தனை வருஷம் நான் ஒரு பொய் சொல்லி வந்திருக்கிறேன். சேற்றுக் கால் வழுக்கிக் குனிந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்வேன். வழுக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தேன். குனிந்தேன். இரண்டு நாய்க்கும் குங்குமம் வைத்தேன். கையைக் கூப்பி, “எங்க ஊட்டுப் புள்ளைக்கு முடி எறக்கிக் காது குத்தறோம். நீங்க குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்” என்று சம்பந்தி வீட்டில் சொல்கிற மாதிரியே சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. உப்பளத்துப் பொம்பளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். முனுசாமிகூட எழுந்து நின்றுவிட்டான்.

கறுப்பி வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது. அழைப்பை ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம் என்று முனுசாமி சொன்னான். (திருட்டு நாய்க்கு அழைப்பு வேறா, அது எப்போது வேண்டாமென்று சொல்லியிருக்கிறது?) சேற்றில் நாய்க்கு நடக்க வராதென்று கறுப்பியை அவன் தூக்கிக்கொண்டான். துரையை நான் தூக்கினேன். கன்றுக்குட்டிக் கனம். வழி முழுக்க என் காதை நக்கிக்கொண்டே வந்தது.

ஏழுமலையும் இறங்கிச் சின்னப்பனோடு சேர்ந்து கயிற்றை இழுத்தார். முனுசாமி கழியைப் பிடித்தான். துறையில் இறங்கினதும் வேலுவைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஓடின ஓட்டத்தை நான் மறுக்க மாட்டேன். முன்னால் நாய்கள், பின்னால் பாக்கியம், கடைசியில் அவளுடைய பழைய புடவைத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான். காய்ந்த சேறு உடம்பெல்லாம் வெடித்திருந்தது. வழியில் ஒரு கிழவர் என்னை ஏதோ கடுமையான வேண்டுதல்காரன் என்று நினைத்துக் கும்பிட்டார்.

நாவிதர் முடியை இறக்கினார். பத்தர் ஊசியை எடுத்தார். வேலு மாமன் மடியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒரு காது, இரண்டு காது, ஊசிக்கு அவன் அழவே இல்லை. மண்டபத்துக்கு வெளியே குங்குமத்தோடு உட்கார்ந்திருந்த துரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் நான் கிட்டே போய்க் குனிந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் வீல் என்று கத்தினவன், ஐயர் தீபாராதனை காட்டுகிறவரை நிறுத்தவில்லை. பத்தர் தங்கக் கம்பியை முறுக்கி முடிக்கவும், கோயில் கடிகாரத்தில் பத்தரை ஆகவும் சரியாக இருந்தது.

வெல்லம் இல்லை. நாய் மிதிக்காத அரிசி தவலை அடியில் இரண்டு கை இருந்தது. பாக்கியம் அதைக் கழுவி வெறும் வெண்பொங்கலாக வைத்து, நமக்கு எது கிடைக்கிறதோ அதைத்தானே அவனுக்குத் தர முடியும் என்று சொல்லிப் படைத்தாள். சந்நிதியில் நின்று நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். முருகா, இந்த முனுசாமியை நீயே கேள் என்றுதான் வந்தது. அத்தனை தூரம் போய் முருகனிடம் நான் கோள் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பாவத்துக்கு மறு வருஷம் தனியாக ஒரு தடவை போய் மன்னிப்புக் கேட்டேன்.

அம்மை எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வேலு வளர்ந்தான், இன்றைக்கு அவனுக்கே இரண்டு பெண்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும், நான் பத்திரிகைக் கட்டைக் கையில் எடுத்ததும், வீட்டுக்குள்ளேயிருந்து யாராவது ஒருத்தர் குரல் கொடுப்பார்கள்: “தொரைக்குப் பாக்கு வெச்சாச்சா?” வேலுவின் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டாருக்கு எதிரிலேயே கேட்டார்கள். அந்தத் துரை செத்து, அதற்குப் பிறகு முனுசாமி வளர்த்த இரண்டு துரைகளும் செத்துவிட்டன. கேள்வி மட்டும் சாகவில்லை. போன மாசம் என் பேத்தி கேட்டாள். நாயைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறவள் அவள்.

இந்தக் கதை சொல்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று சேர்க்கிறார்கள். நாய் என்னைக் கடித்தது என்கிறான் ஒருத்தன். கோவணமும் போய்விட்டது என்கிறான் இன்னொருத்தன். நாயின் காலில் விழுந்தேன் என்று சொல்கிறவர்களும் உண்டு. இதைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நாலு பேருக்குச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எழுதினபடி சொல்லுங்கள். கோவணம் போகவில்லை. காலில் விழவில்லை. கையைக் கூப்பினேன், அது நிஜம். அதை விட்டுவிட வேண்டாம். பிள்ளைக்காகக் கூப்பினேன் என்பதையும் சொல்லுங்கள். கூப்பின கைக்குப் பின்னால் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள்.